கப்பலுக்கு இருக்கிறவர்கள்

1

மாடிக்குப் பால் காய்ச்சி நேற்றோடு ஒரு வருஷம் ஆகிவிட்டது. எனக்கு அது ஞாபகமே இல்லை. சாத்தூரில் இருக்கும் என் தங்கைக்கு இருந்திருக்கிறது. அன்று எடுத்த போட்டோவை வாட்ஸ்அப்பில் அனுப்பி, கூடவே பேசியும் அனுப்பியிருந்தாள்: "உனக்கென்னக்கா, கீழ ஒரு வீடு, மேல ஒரு வீடு. மாசம் பொறந்தா வாடகை. கடலப் பாத்துக்கிட்டு கால நீட்டி உக்காந்திருப்ப. இங்க நாங்கதான் கெடந்து அல்லாடுறோம்."

முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் கோபம் வந்தது. எங்கள் வீட்டிலிருந்து கடல் தெரியாது. போர்ட் பிளேரில் புரோத்ராபூர்ப் பகுதியில் எங்கள் ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டு வாழையும் ஒரு கறுப்புத் தண்ணீர் டேங்கும்தான் தெரியும். அந்தமான் என்றால் எல்லோரும் மணலில் படுத்துக் கிடப்பதாக ஊரில் ஒரு நினைப்பு இருக்கிறது. இத்தனை வருஷமாக அதை மாற்றப் பார்த்து நான் தோற்றுப் போனதுதான் மிச்சம்.

அவளுக்குப் பதில் சொல்ல உட்கார்ந்தேன், நீண்டுகொண்டே போகிறது. அவளைப் போல நினைக்கும் மற்றவர்களும் படிக்கட்டும். எனக்கு இப்போது நேரம் இருக்கிறது. இன்று சனிக்கிழமை. நான் என் வீட்டில் இல்லை, ரங்கத்தில் இருக்கிறேன். போர்ட் பிளேரிலிருந்து வடக்கே விடியற்காலை பஸ் ஏறினால் மத்தியானம் வந்து சேரும் ஊர். மாற்றுச் சேலைகூட எடுத்து வரவில்லை. வாடகையும் வேலையும் நேற்று ஒரே நாளில் கையை விட்டுப் போயின. அது எப்படி என்று சொல்கிறேன்.

2

போர்ட் பிளேரில் ஓர் அரசு அலுவலகத்தில் பில் தயாரிக்கும் பிரிவில் இருக்கிறேன். ஊருக்கு வந்தால் "கவர்மெண்ட் வேலை" என்று அறிமுகப்படுத்துகிறார்கள், நானும் மறுப்பதில்லை. உண்மையில் அது ஒப்பந்த வேலை. ஒவ்வொரு மார்ச்சிலும் எங்களை விட்டுவிட்டு ஏப்ரலில் மறுபடி எடுப்பார்கள். எடுக்கும் முன் மூன்று அதிகாரிகளுக்கு முன்னால் போய் நிற்க வேண்டும். நான் போட்ட பில்லில் சம்பளம் வாங்குகிறவர்களே எனக்கு பில் போடத் தெரியுமா என்று கேட்பார்கள். தெரியும் சார் என்று சிரித்துக்கொண்டே சொல்ல வேண்டும். அந்தச் சிரிப்பை நான் கண்ணாடி முன்னால் நின்று பழகிக்கொண்டு போவேன் என்றால் நம்புவீர்களா?

என் கணவர் கணேசன் பெயிண்டிங் காண்ட்ராக்ட் எடுத்து வேலை செய்தவர். ஒரு குவார்ட்டர்ஸ் சுவருக்கு வெள்ளையடிக்கும்போது சாரம் சரிந்து விழுந்தார். இடுப்பு எலும்பு கூடியது, சரியாகக் கூடவில்லை. இப்போது தடியூன்றி வாசல் வரைக்கும் நடப்பார். படி ஏறமாட்டார். அதற்குப் பிறகு வீட்டில் சம்பாதிக்கிற ஆள் நான் ஒருத்திதான். மார்ச் வந்தால் எனக்குத் தூக்கம் போய்விடும்.

மாடி எழுப்பும் யோசனை எங்கள் மகள் நிவேதாவுடையது. பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறாள். இந்தத் தீவில் பிறந்து, தெருவில் இந்தியும் வீட்டில் தமிழுமாக வளர்ந்தவள். இப்போது இரண்டும் தேய்ந்து ஆங்கிலத்தில்தான் வேகமாகப் பேசுகிறாள். யூடியூபில் எவனோ ஒருத்தன் சொல்வதைக் கேட்டுவிட்டு எனக்குப் பாடம் எடுப்பாள். "அம்மா, உன் செலவ உன் சொத்தே பாத்துக்கணும். காலைல எந்திரிச்சு வேலைக்குப் போறதா வேணாமான்னு நீ டிசைட் பண்ணணும். அதுக்குப் பேருதான் ஃபைனான்ஷியல் ஃப்ரீடம். எத்தனை வருஷம் அவங்க முன்னாடி ஹாத் ஜோடிச்சு நிப்ப?"

கை கூப்பி நிற்பதை அவள் அப்படித்தான் சொல்வாள். மொழி எப்படியோ போகட்டும், அது என் நெஞ்சில் தைத்தது. வேலைக்குப் போவதா வேண்டாமா என்று நான் முடிவு செய்வது! அந்த ஒரு காலைப் பொழுதுக்காகத்தான் கடன் வாங்கினேன்.

இங்கே வீடு கட்டுவது ஊரில் கட்டுவது போல இல்லை. சிமெண்டும் கம்பியும் மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வர வேண்டும். கடலைச் சுற்றி வைத்துக்கொண்டு மணலுக்குத் திண்டாடுவோம், கடற்கரையில் ஒரு கூடை அள்ளினாலும் கேஸ். மாடிக்கு அனுமதி வாங்க ஆபீஸ் ஆபீஸாக நடந்து ஒரு ஜோடி செருப்பு தேய்ந்தது. கடைசியில் எல்லாம் முடிந்து, மெயின்லேண்டிலிருந்து மாற்றலாகி வரும் ஆபீசர்கள் கேட்பார்கள் என்று வெஸ்டர்ன் டாய்லெட் வைத்து, டைல்ஸ் ஒட்டி, பாலும் காய்ச்சினோம். அந்த டாய்லெட்டை எங்கள் வீட்டில் ஆபீசர் யாரும் இதுவரை உபயோகிக்கவில்லை.

3

உங்களுக்குப் புரியாத ஒரு விஷயத்தை இங்கே சொல்ல வேண்டும்.

தீவில் ஒரு வீட்டில் புது ஆள் தென்பட்டால் பக்கத்து வீட்டார் "யாரு?" என்பார்கள். "கப்பலுக்கு இருக்காங்க" என்று சொன்னால் போதும், மேலே கேள்வி கிடையாது. ரங்கத்திலிருந்தும் திக்லிபூரிலிருந்தும் மெயின்லேண்டுக்குப் போகிறவர்கள் போர்ட் பிளேரில் வந்து காத்திருப்பார்கள். டிக்கெட் கிடைத்தால் கப்பல் தள்ளிப் போகும். கப்பல் வந்தால் புயல் என்பார்கள். லாட்ஜுக்குக் கொடுத்துக் கட்டுப்படி ஆகாது. அதனால் ஊர்க்காரர், தெரிந்தவர், தெரிந்தவருக்குத் தெரிந்தவர் என்று ஏதாவது ஒரு வீட்டில் பாயை விரிப்பார்கள். இப்போது பாதிப் பேர் விமானத்தில் போகிறார்கள். ஆனாலும் ஆஸ்பத்திரிக்கு வந்தவர், பரீட்சைக்கு வந்தவர், பிரசவத்துக்கு வந்தவர் எல்லோருக்கும் அதே பெயர்தான், கப்பலுக்கு இருக்கிறவர்கள்.

அவர்களிடம் கேட்கக் கூடாத கேள்வி ஒன்று இருக்கிறது. எத்தனை நாள் இருப்பீர்கள் என்று கேட்கக் கூடாது. யாரும் சட்டம் போடவில்லை. கப்பல் எப்போது என்று அவர்களுக்கே தெரியாதபோது கேட்டு என்ன ஆகப் போகிறது? தமிழர், பெங்காலி, தெலுங்கர் என்று எந்த வீட்டுக்குப் போனாலும் இதுதான் வழக்கம். அந்தக் கேள்வியைக் கேட்ட வீட்டை ஊரே பேசும்.

போன தீபாவளி கழிந்து தங்கராசு அண்ணனும் பேச்சியம்மா மதினியும் அப்படித்தான் வந்தார்கள். அண்ணன் எங்கள் சாத்தூர்ப் பக்கத்துக்காரர். இளவட்டமாக இருந்தபோதே தீவுக்கு ரோடு வேலைக்கு வந்து, ரங்கத்தில் பாக்குத் தோட்டம் போட்டு நின்றுவிட்டவர். கால் வீங்கியிருந்தது, முகம் ஊதியிருந்தது. சென்னைக்குப் போய்க் காட்டப் போவதாகச் சொன்னார்கள். பால் காய்ச்சியும் ஆபீசர் யாரும் அமையாமல் மாடி காலியாகவே கிடந்தது. ஒரு வாரம்தானே என்று சாவியைக் கொடுத்தேன்.

கப்பல் ஏறும் முன் பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு தடவை காட்டிவிடலாம் என்று போனார்கள். சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது, மூன்று நாள் கப்பலில் தாங்காது, இங்கேயே உடனே டயாலிசிஸ் ஆரம்பிக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். திங்களும் வியாழனும் மெஷினில் படுக்க வேண்டும். அந்த மெஷின் ரங்கத்துக்கும் வரப்போகிறது என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்கள், வந்தபாடில்லை. கப்பல் போய்விட்டது. இவர்கள் மாடியில் இருந்துவிட்டார்கள்.

மகன் திருப்பூரில் இருக்கிறான். மாதத்துக்கு ஒரு தடவை போன் செய்து "வாரேம்ப்பா" என்பான். மதினி ஒருநாள் வாடகை என்று வாயெடுத்தார். என் கணவர் சத்தம் போட்டு அழுதுவிட்டார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சு எங்கள் வீட்டில் எழவில்லை.

4

அவர் ஏன் அழுதார் என்று எனக்குத் தெரியும்.

கல்யாணமாகி நான் தீவுக்கு வந்த வருஷம் இவருக்கு ரங்கத்தில் வேலை. தங்க இடம் தருவதாகச் சொன்ன காண்ட்ராக்டர் கைவிரித்துவிட்டான். பஸ்ஸை விட்டு இறங்கியபோது மழை. என் தகரப் பெட்டிக்குள் தண்ணீர் போய்விட்டது. கடையோரம் ஒதுங்கி இவர் தமிழில் யாரிடமோ புலம்பிக்கொண்டிருந்ததைக் கேட்டு, குடையோடு ஒருவர் வந்து நின்றார். "எந்த ஊரு தம்பி?" என்றார். சாத்தூர் என்றதும் பெட்டியைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு நடக்க ஆரம்பித்துவிட்டார். அவர்தான் தங்கராசு அண்ணன்.

ஒரு மழைக்காலம் முழுக்க அவர் வீட்டில் இருந்தோம். ஒரே அறை, நடுவில் சேலையைக் கட்டித் தடுப்பு. மதினிக்கு அப்போது கைக்குழந்தை. எனக்கு இந்தி ஒரு வார்த்தை தெரியாது, ரேஷன் கடைக்கும் தண்ணீருக்கும் மதினிதான் கூட வந்து பேசுவார். ஒரு நாளாவது முகம் கோணியிருந்தால் நான் கண்டுபிடித்திருப்பேன். இன்னொருத்தர் வீட்டில் இருக்கிறவளுக்கு அதைத் தவிர வேறு எதைப் பார்ப்பது வேலை? எத்தனை நாள் என்று அவர்கள் கேட்கவே இல்லை. பக்கத்திலேயே வாடகைக்கு வீடு பார்த்து நாங்கள் கிளம்புகிறோம் என்றபோது மதினி, "மழ விடட்டுமே, என்ன அவசரம்?" என்றார். மழை விட்டு ஒரு மாதம் ஆகியிருந்தது.

நன்றி மறக்கக் கூடாது என்று எழுதுவது சுலபம். ஆனால் நன்றியைக் கொண்டுபோய்ப் பாங்க்கில் கட்ட முடியாது. தவணைத் தேதி தாண்டினால் பாங்க்கிலிருந்து ஒரு பெண் இனிமையான இந்தியில் பேசுவாள். அவளிடம் ரங்கத்து மழையைப் பற்றி என்ன சொல்வது?

நிவேதா மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தாள். "அந்த அங்கிள் இன்னும் போகலையா? அம்மா, அது வீடு இல்ல, டெட் ஸ்டாக்." அந்த அங்கிளின் பாக்குத் தோட்டத்தில்தான் அவள் நடை பழகினாள். விடுமுறைக்கு விடுமுறை அங்கே போக அழுவாள். அதை நான் சொன்னபோது, "சரிம்மா, பட் மேத்ஸ் இஸ் மேத்ஸ்" என்றாள்.

5

பிப்ரவரியில் தண்ணீர்ப் பஞ்சம் தொடங்கியது. குழாயில் தண்ணீர் விட்டு விட்டு வரும் மாதங்கள். வீட்டில் எத்தனை தலை என்பதை எல்லோரும் கணக்குப் பார்க்கும் காலம் இது. அண்ணன் அதையும் வேடிக்கையாக்குவார். "உன் டேங்க்குக்கு நான் பாரமே இல்லம்மா. ஒரு நாளைக்கு இந்த ஒரு செம்புதான் டாக்டர் எனக்கு அளந்திருக்காரு." உதடு வெடித்திருக்கும், சிரிப்பார். கீழே இறங்கி வந்த பிறகும் அந்த உதடு என் கண்ணுக்குள்ளேயே நிற்கும். அடுத்த நிமிஷம் தவணைத் தேதி ஞாபகம் வரும். இரண்டும் எனக்குள் ஒன்றாகவே இருந்தன, பொய் சொல்லமாட்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை லக்னோவிலிருந்து மாற்றலாகி வந்த ஓர் ஆபீசரும் அவர் மனைவியும் வீடு தேடி வந்தார்கள். அண்ணனும் மதினியும் அப்போது கோயிலுக்குப் போயிருந்தார்கள். அந்த அம்மாவுக்கு மாடி பிடித்துவிட்டது. டைல்ஸைத் தடவிப் பார்த்தார், டாய்லெட்டைத் திறந்து பார்த்துத் தலையாட்டினார். கட்டிலையும் மருந்துப் பையையும் பார்த்துவிட்டு யார் என்று கேட்டார். உறவுக்காரர், அடுத்த வாரம் போய்விடுவார் என்றேன். எப்படி வாயில் வந்தது என்று தெரியவில்லை. அப்புறம் அவர் கேட்டது தண்ணீரைப் பற்றி.

"நீச்சே கித்னே லோக் ரெஹ்தே ஹைன்?" கீழே எத்தனை பேர் இருக்கிறீர்கள் என்று.

"தோ, மேடம். சிர்ஃப் தோ." இரண்டே பேர்.

ஏப்ரல் ஒன்றாம் தேதி குடி வருவதாகச் சொல்லி அட்வான்ஸ் கொடுத்துவிட்டுப் போனார்கள். இரண்டு பேர் என்று சொல்லிவிட்டதால், அண்ணனைக் கீழே கூடத்துக்கு மாற்றும் வழியும் அடைபட்டுப் போனது. கீழே இருப்பதும் குத்துக்காலிட்டு உட்கார வேண்டிய கக்கூஸ், அவரால் முடியாது. ஆபீசருக்கென்று கட்டியது அவருக்கென்றே கட்டியதாகிவிட்டது.

என் கணவரிடம் சொன்னேன். அவர் தடியைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"நீ கேக்கப் போறியா?"

"கேக்காம? வெள்ளிக்கிழம அந்த மூணு பேரு முன்னால நிக்கணும். இந்த வருஷம் ஆளக் கொறைக்கிறாங்களாம். வேல போச்சுன்னா என்ன செய்வீங்க? சொல்லுங்க, என்ன செய்வீங்க?"

அவரிடம் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. இடுப்பு உடைந்த மனிதர் என்ன சொல்வார்? சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

இன்னொன்றும் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். மறுநாள் காலை மேலே காலடிச் சத்தம் கேட்கவில்லை. தினமும் நான் அடுப்பு மூட்டும் நேரத்துக்கு அண்ணன் எழுந்து நடப்பார், கூரை வழியாக எனக்குக் கேட்கும். அன்று கேட்கவில்லை. பால் பாத்திரத்தைப் பிடித்தபடி நின்றேன். ஐயோ என்று மனசு பதறவில்லை. போய்விட்டாரோ, மாடியைக் கழுவி விட ஒரு வாரம் போதுமா என்றுதான் ஓடியது. அப்புறம் மேலே யாரோ இருமினார்கள். நான் அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். இப்படி ஒரு நினைப்பு எனக்குள் இருந்திருக்கிறதே என்று என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருந்தது. இதைவிடக் கேட்டுவிடுவது நல்லது என்று தோன்றியது.

அன்று திங்கட்கிழமை. சாயங்காலம் ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் மேலே போனேன். அண்ணன் கட்டிலில் சாய்ந்திருந்தார். மதினி துணி மடித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, இன்னும் எத்தனை நாள் இருப்பீங்க?"

மதினியின் கை நின்றுவிட்டது. வெளியே எவனோ ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டிருந்தான், அது கிளம்பவேயில்லை. அண்ணன் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"பாத்துச் சொல்றேம்மா" என்றார்.

6

வெள்ளிக்கிழமை விடிந்தும் விடியாமலும் எழுந்து, நேர்காணலுக்கென்று இஸ்திரி போட்டு வைத்திருந்த சேலையைக் கட்டினேன். கண்ணாடி முன் நின்று சிரித்தும் பார்த்தேன். என் கணவர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

"அண்ணன் போயிட்டாரு. இருட்டோட ரங்கத் பஸ்ஸுக்கு. உன்ன எழுப்ப வேண்டாம்னாரு."

மாடிக்கு ஓடினேன். தரை துடைத்திருந்தது. வாளிகள் எல்லாம் நிறைந்திருந்தன. தண்ணீர் வரும் நாள் பார்த்துப் பிடித்து வைத்திருக்கிறார்கள். மருந்துப் பை மட்டும் அப்படியே இருந்தது. சாவி அதன் மேல் இருந்தது.

மருந்தை மறந்து போகிறவர் இல்லை மதினி. கீழே வந்தபோது எனக்கு மூச்சு வாங்கியது.

"திங்கக்கிழம மெஷினுக்கு எப்படி வருவாராம்?" என்றேன்.

இவர் தடியால் வாசலைக் காட்டி, "ஜிர்காடாங்ல கேட் திறக்கற வரைக்கும் பஸ் நிக்கும்" என்றார்.

வடக்கே போகும் சாலை ஜாரவா மக்கள் வாழும் காட்டுக்குள் போகிறது. ஜிர்காடாங் செக்போஸ்டில் எல்லா வண்டிகளையும் நிறுத்தி வைத்து, குறித்த நேரத்தில் கேட்டைத் திறந்து, போலீஸ் காவலோடு வரிசையாக அனுப்புவார்கள். உள்ளே போய்விட்டால் நடுவில் எங்கும் நிற்கக் கூடாது, இறங்கக் கூடாது. எதிர்வீட்டில் பிஸ்வாஸ் என்று ஒரு பெங்காலி ஆட்டோக்காரர் இருக்கிறார். விஷயத்தைச் சொன்னேன். "பைட்டோ தீதி. கேட் குல்னே சே பெஹ்லே பஹுஞ்சா தூங்கா" என்றார். உட்காருக்கா, கேட் திறப்பதற்குள் சேர்த்துவிடுகிறேன் என்றவர் அப்படியே சேர்த்தும்விட்டார்.

டீக்கடை ஓரமாக வண்டிகள் வரிசையாக நின்றன. ரங்கத் பஸ்ஸில் ஏறினேன். பின்பக்க ஜன்னலோரம் அண்ணன், பக்கத்தில் மதினி, மடியில் துணிப்பை. என்னைப் பார்த்ததும் மதினி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"இறங்குங்கண்ணே. வீட்டுக்குப் போவோம்."

"நீ ஏம்மா இங்க வந்த? இன்னிக்கு உனக்கு இன்டர்வியூல்ல?"

"மருந்த ஏன் வச்சிட்டு வந்தீங்க?"

அவர் அவசரப்படாமல்தான் பேசினார். "நேத்து டாக்டர்ட்ட கேட்டேன். இத்தன மாசமா எனக்குக் கேக்கத் தோணல பாரு. நீ கேட்ட பொறகுதான் நாமளும் கேப்போம்னு தோணுச்சு. எத்தனை நாளுன்னேன். மெஷினோட இருந்தா வருஷக்கணக்குல இருக்கலாமாம். விட்டுட்டா பத்துப் பதினஞ்சு நாளு. அடுத்தவ வீட்ட அடச்சிக்கிட்டு வருஷக்கணக்குல எப்படிம்மா இருக்கிறது?"

"நான் வீட்டுக்குத்தாண்ணே கேட்டேன்."

"எனக்கு ரெண்டும் ஒண்ணுதான."

அவர் காலைப் பிடித்துக்கொண்டேன். பஸ்ஸில் எல்லோரும் பார்த்தார்கள். கண்டக்டர் வந்து, "தீதி, உதர்னா ஹை தோ ஜல்தி, கேட் குல் ரஹா ஹை" என்றான். இறங்குவதென்றால் சீக்கிரம், கேட் திறக்கிறது. மதினி அப்போதுதான் வாயைத் திறந்தார்: "எறங்கிப் போத்தா. உன் வேலயப் பாரு."

அந்தப் 'போத்தா'வில் கோபமும் இருந்தது, பாசமும் இருந்தது. நான் இறங்கவில்லை. படிக்கட்டு எதிரே இருந்த காலி சீட்டில் உட்கார்ந்தேன். பஸ் நகர்ந்தது. காட்டுக்குள் போனதும் போனில் சிக்னல் போய்விட்டது. பத்து மணிக்கு என் பெயரைக் கூப்பிட்டிருப்பார்கள். அப்போது என் ஜன்னலுக்கு வெளியே மரங்கள் மட்டும் இருந்தன.

மிடில் ஸ்ட்ரெய்ட்டில் பஸ் படகில் ஏறிக் கடலைக் கடக்க வேண்டும். அங்கே இறங்கித் திரும்பும் பஸ்ஸைப் பிடித்திருக்கலாம். அண்ணனும் அதைத்தான் சொன்னார். நான் கேட்கவில்லை. பெரிய தியாகம் செய்கிறேன் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். திரும்பிப் போய் அந்தக் கழுவிய மாடியைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது.

7

மறுகரையில் சிக்னல் வந்தது. ஆபீஸ் தோழி ஒருத்தி தகவல் அனுப்பியிருந்தாள்: மூன்று தடவை பெயர் கூப்பிட்டார்கள், வரவில்லை என்று எழுதிக்கொண்டார்கள். உடனே லக்னோ அம்மாவைக் கூப்பிட்டேன். மாடி காலியாகாது மேடம், அட்வான்ஸைத் திருப்பி அனுப்பிவிடுகிறேன் என்றேன். அவர் திட்டினார். திட்டியதில் தப்பில்லை. ஒரு வாரத்தில் போய்விடுவார் என்று நான்தானே சொன்னேன்.

நிவேதாவிடமும் சொன்னேன். "அப்போ லோனுக்கு என்னம்மா பண்ணுவ?" என்றாள். தெரியவில்லை என்றேன். உண்மையாகவே தெரியவில்லை. திங்கட்கிழமை அந்த ஆபீஸ் வாசலில் நின்று, கெஞ்சிப் பார்க்க வேண்டும். பழகி வைத்த சிரிப்பு அங்கே போதாது, அழ வேண்டியிருக்கும். பாங்க்கில் தவணையைத் தள்ளிப் போடச் சொல்லிக் கேட்க வேண்டும். மாடி வீட்டுக்காரி நான். என் வீட்டில் எனக்குச் சொந்தமாக ஒரு காலைப் பொழுது கிடையாது.

அண்ணன் திரும்பி வந்தால் எனக்கு எல்லாம் சரியாகிவிடும் என்றும் சொல்லமாட்டேன். மாடிப்படியில் ஏறும்போது தவணை ஞாபகம் வரும், கோபமும் வரும். அவர் இருமலைக் கேட்டு ஒரு காலையில் நான் மறுபடியும் கெட்டதை நினைக்கலாம். ஆனால் அவர் மெஷினில் படுத்துக்கொண்டிருக்கும்போது அதை நினைத்துக்கொள்கிறேன். பத்துப் பதினைந்து நாளில் அவர் போன பிறகு நினைப்பதற்கு எனக்குத் தைரியம் இல்லை.

இங்கே வீடு மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்து தூசியேறிவிட்டது. நானும் மதினியும் நேற்று கூட்டிக் கழுவினோம். என்னிடம் அவர் தேவைக்கு மேல் பேசவில்லை. சேலை ஒன்று மட்டும் எடுத்துக் கொடுத்தார், மாற்றிக்கொள்ள. சாப்பாட்டுக்கு மூன்று தட்டு வைத்தார். நான் முன்பு படுத்த இடத்திலேயே பாயை விரித்தார்.

இன்று காலை பக்கத்து வீட்டுப் பெண் எட்டிப் பார்த்து என்னைக் காட்டி, "யாரு?" என்றாள்.

மதினி முறத்தைத் தட்டிக்கொண்டே, "பஸ்ஸுக்கு இருக்கா" என்றார். அந்தப் பெண் தலையாட்டிவிட்டுப் போய்விட்டாள்.

நாளை காலை பஸ்ஸில் போனால் திங்கட்கிழமை மெஷினுக்குச் சரியாக இருக்கும். அதற்கடுத்த நாள் என்றால் ஒரு முறை தவறிவிடும். நேற்றிலிருந்து நான் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை. அண்ணன் எதிரே நாற்காலியில் உட்கார்ந்து, நான் எழுதுவதையே பார்த்துக்கொண்டிருக்கிறார். கால் இப்போதே கொஞ்சம் வீங்க ஆரம்பித்திருக்கிறது. அளந்து வைத்த செம்பில் பாதித் தண்ணீர் இருக்கிறது.

சற்று முன்பு அந்த வெடித்த உதட்டில் பழைய சிரிப்போடு கேட்டார்.

"நீ எத்தனை நாளும்மா இருப்ப?"

"நீங்க பஸ் ஏறுற வரைக்கும்."

அவர் தோட்டத்துப் பக்கம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மதினி உள்ளேயிருந்து வந்தார். கொண்டுவந்த துணிப்பை கட்டியபடியே உள் மூலையில் கிடந்தது. அதை எடுத்து வாசல் பக்கமாக வைத்துவிட்டு, உலை வைக்கப் போனார்.